"பால் பத்தல மிஸ்ஸி": மருத்துவமாதுகளுக்கும் தாதியருக்கும் கேள்வி பதில்

ஹட்டன், மருத்துவமாது: மூன்றாம் நாளே பால் பத்தலன்னு மாப்பால் கரைக்கிறாங்க. என்ன சொல்றது மிஸ்?

எதுவும் சொல்லாதீர்கள். முதலில், ஒரு தடவை பால் கொடுத்து முடியும்வரை பக்கத்தில் இருந்து பாருங்கள். வாய் அகலத் திறந்து, நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலேதான் கூடுதலாகத் தெரிய வேண்டும். வாயிலிருந்து வரும் காம்பு சப்பையாக, நுனி வெளுத்து இருந்தால் பிள்ளை காம்பை மட்டும் சப்புகிறது. வலி, வெடிப்பு, பால் சரியாக இறங்காதது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான். இழுத்து எடுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் விட்டுக் கழற்றி மறுபடி போடுங்கள்.

பிறகு கணக்கு: 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை பால், 6ஆம் நாளிலிருந்து குறைந்தது 6 தடவை சிறுநீர். பிறந்த நிறையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு கிழமையாகியும் பழைய நிறைக்கு வராவிட்டாலோ வைத்தியரிடம் அனுப்புங்கள். தேவையில்லாமல் கொடுக்கும் மாப்பால் ஒரு வேளை உறிஞ்சலைத் தின்றுவிடும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பும் குறையும்.

நுவரெலியா, தாதி: குளிருக்குக் கையுறை, இரண்டு போர்வை. பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்த மூட்டையைப் பிரியுங்கள். இடுப்புத் துணியும் தொப்பியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்வை போடுங்கள். முகம் மூடக்கூடாது, கழுத்து மடங்கக்கூடாது. அப்படியும் எழும்பாவிட்டால் உடல் வெப்பத்தையும் மஞ்சள் காமாலையையும் பாருங்கள்.

பண்டாரவளை, மருத்துவமாது: தேயிலைக் கொழுந்து எடுக்கத் திரும்பும் தாய்க்கு?

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா (தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். கங்காணிக்கும் இது தெரிய வேண்டும்.

மலைக்கு வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே கையால் பால் எடுக்கப் பழக்குங்கள். கையைக் கழுவி, காம்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் எதிரெதிரே வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, சேர்த்துப் பிடித்து விட வேண்டும். தோலில் விரல் வழுக்கக்கூடாது. முதல் நிமிடத்தில் சொட்டு வராவிட்டால் பயப்பட வேண்டாம். எடுத்த பாலை மூடிய பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணித்தியாலம் வைக்கலாம். கொதிக்கவைக்காமல், சுடுநீர்க் கோப்பைக்குள் வைத்துச் சூடாக்கிச் சிறு கோப்பையால் புகட்டுங்கள்.

வெலிமடை, தாதி: மார்பு கல்லாகிக் காய்ச்சல். நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம், நிறுத்தினால் இன்னும் கட்டும். அந்தப் பக்கமும் வழக்கம்போலக் கொடுக்கட்டும். வீட்டில் எண்ணெய் போட்டு உருட்டித் தேய்ப்பார்கள், அதைத் தடுங்கள், வீக்கம் கூடும். வெலிமடைக் குளிரிலும் ஒத்தடம் குளிர்ந்த துணியால்தான். 24 மணித்தியாலத்தில் தணியாவிட்டால் வைத்தியர். அவர் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் தாய்ப்பாலோடு ஒத்துப்போவதுதான்.