கதவு ஒலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் நகைச்சுவை இரட்டையர் எரிக் மோர்கம், எர்னி வைஸ் இருவரின் பழைய பிபிசி நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பார்த்தேன். முடிவில் தயாரிப்பாளர் என்று ஜான் அமண்ட்ஸின் பெயர் வருகிறது. நடிக்க இவர்கள் இருவர், எழுத எடி பிரேபன், பணத்துக்கு பிபிசி. பிறகு தயாரிப்பாளருக்கு என்னதான் வேலை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தயாரிப்பாளர் என்றதும் பணப்பெட்டி நினைவுக்கு வருவது நம் சினிமாப் பழக்கம். அன்றைய பிபிசி பொழுதுபோக்குப் பிரிவில் அந்தச் சொல்லுக்குள் பெரும்பாலும் இயக்குநரும் அடக்கம். ஒத்திகையில் எது சிரிப்பு, எது வெறும் சத்தம் என்று பிரிப்பவரும் அவர்தான்.

அமண்ட்ஸ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பதின்வயதில், பிபிசி வானொலியில் ஒலி விளைவுகள் தரும் பணியில் சேர்ந்தவர். 'இட்மா' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் பணியாற்றினார். அதில் பாத்திரங்கள் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். கதவு ஒலி அரை நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். அவருடைய காலக்கணக்கு அங்கேதான் உருவானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐம்பதுகளில் மான்செஸ்டர் வானொலியில் இந்த இருவரோடு பணியாற்றினார். 1968-இல் தொலைக்காட்சியில் மீண்டும் சேர்ந்தார்கள். நிகழ்ச்சி முடிவில் ஒரு கை தலைக்குப் பின்னே, ஒரு கை முதுகுக்குப் பின்னே என்று மாற்றி மாற்றித் துள்ளுவார்களே, அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் ஒரு படத்தில் ஆடிய அந்த ஆட்டத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அமண்ட்ஸ்.

1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். விருந்தினராக வரவிருந்த இசை நடத்துநர் ஆந்த்ரே பிரெவின், தன் தாயாரின் உடல்நலக் குறைவால் அமெரிக்கா போய்விட, ஒத்திகை சுருங்கிப்போனது. விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் டார்ச் வெளிச்சத்தில் வசனம் படித்தார். இசை நடத்தும் தன் கோல் சிகாகோவில் இருக்கிறது என்று அவர் முகம் மாறாமல் சொல்லும் நொடியில் எரிக்கின் முகத்தைப் பாருங்கள். பயமெல்லாம் போய், ஆள் கிடைத்துவிட்டார் என்ற ஆனந்தம்! எனக்கு அந்த நொடி ஒவ்வொரு முறையும் கண்ணை நிறைக்கிறது.

1974-இல், நோயுற்ற மனைவியைக் கவனித்துக்கொள்ள அமண்ட்ஸ் விலகினார். அடுத்துத் தயாரிப்பாளராக வந்தவர் எர்னஸ்ட் மாக்ஸின்; அவர் ஒரு நடன அமைப்பாளர். நடிகர்கள் அவர்களே, எழுத்தும் பிரேபனுடையதே. ஆனால் நிகழ்ச்சி நடனமாடத் தொடங்கிவிட்டது. 1976-இல் இருவரும் இசைக்கேற்பக் காலை உணவு தயாரிக்கும் காட்சி அவர் காலத்தது. பிரெவின் காட்சியையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.