டபுள் கர்டர் கிரேன்: கேட்டாங்க, சொன்னேன்

கோயமுத்தூர் சுத்துவட்டாரப் பட்டறைகள்ல கிரேன் மெயின்டனன்ஸ் பார்த்தே தலை நரைச்சவன் நான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கிறேன். கர்டர்ங்கறது ஷெட்டுக்குக் குறுக்கால போற கிரேனோட இரும்பு உத்திரம்; ஒண்ணு இருந்தா சிங்கிள், ரெண்டு இருந்தா டபுள்.

அரசூர்: ஃபவுண்டரிக்கு 5 டன் கிரேன் போடணுங்ணா. பே (ரெண்டு தூண் வரிசைக்கு நடுவு) அகலம் 12 மீட்டர். சிங்கிள் கர்டர் போதுமா, டபுளா?

அளவை மட்டும் பார்த்தா சிங்கிளே தாராளம், காசும் மிச்சம். ஆனா என்னத்தைத் தூக்கப் போறீங்க தம்பி? ஆறின காஸ்டிங்கா, உருக்கின இரும்பு ரொம்பின லேடில் வாளியா? டன்னைக் கேக்கறதுக்கு முந்தி டியூட்டி கிளாஸ், அதாவது எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பாரத்தோட ஓடப் போகுதுங்கற தரம், கேக்கணும். எம்1-ல இருந்து எம்8 வரைக்கும் இருக்குது. மாசத்துக்கொருக்கா மோட்டாரைக் கழட்டி மாட்டற கிரேன் கீழ்ப்படி. மூணு ஷிப்டும் முழுப் பாரத்தோட ஓடறது மேல்படி. ரெண்டு மேலயும் 5 டன்னுதான் எழுதியிருக்கும். உள்ளே கியர் பாக்ஸ், பிரேக், மோட்டார் ஒண்ணா இருக்காது. லேடில்னா பாரத்தைத் தூக்கற ஹாய்ஸ்ட்டுக்கு ரெண்டு பிரேக் கேட்டு வாங்குங்க. ஒண்ணு வழுக்குனா இன்னொண்ணு பிடிக்கோணும். இதையெல்லாம் எழுதாம கொட்டேஷன் கேட்டா விலை கம்மியாத்தான் வரும், ஆனா வர்றது கீழ்ப்படி கிரேனா இருக்கும்.

திருச்செங்கோடு: போர்வெல் ரிக் பட்டறைங்க. கூரை உயரம் பத்தலை, டபுள் போட்டா கொக்கி மேல ஏறுமா?

ஏறும். சிங்கிள்ல ஹாய்ஸ்ட் கர்டருக்கு அடியில தொங்கும். டபுள்ல ஹாய்ஸ்ட்டைச் சுமக்கற ட்ராலி ரெண்டு கர்டருக்கு மேல ஓடும், கொக்கி நடுவால இறங்கும். ஆனா ட்ராலிக்கும் கூரையைத் தாங்கற ட்ரஸ்ஸுக்கும் நடுவுல இடம் இருக்கான்னு முதல்ல அளந்துக்குங்க. ட்ராலி ஓரத்துக்குப் போனா பாரத்துல பெரும்பங்கு அந்தப் பக்கத்துச் சக்கரத்து மேலதான் இறங்கும். பழைய ஷெட் தூண் அதைத் தாங்குமான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்டக் கேளுங்க, என்கிட்ட வேண்டாம்.

பெருந்துறை: புது கிரேன் கர்டர் நடுவுல மேல்நோக்கி வளைஞ்சிருக்குங்க. ஏமாத்திட்டாங்களா?

இல்லீங்க அம்மணி, அது வேணும்னே குடுக்கற கேம்பர். பாரம் ஏறினா வளைவு இறங்கி நேருக்கு வரும்.

கணபதி: சக்கர விளிம்பு (ஃபிளேஞ்ச்) ஆறே மாசத்துல தேயுது. நல்ல சக்கரம் எங்க கிடைக்கும்?

சக்கரத்தைத் திட்டாதீங்க, தண்டவாளத்தை அளங்க. ஒரு மில்லுல நானும் ரெண்டு தடவை சக்கரம் மாத்துனேன். மூணாவது தடவைதான் டேப்பை எடுத்தேன்: ஒரு கோடியில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில அகலம் குறைஞ்சிருந்துச்சு. அந்த வெக்கம் இன்னும் போகலை.

குறிச்சி: 2 டன் மெஷினைக் கட்டித் தூக்க 1 டன் ஸ்லிங் ரெண்டு போதும்தானே?

ரெண்டும் நட்டமா நின்னாத்தான் போதும். கொக்கியில இருந்து விரிஞ்சு போனா கணக்கு மாறிப்போகும். தரையோட 60 டிகிரின்னா ஒவ்வொரு ஸ்லிங்லயும் சுமார் 1.15 டன், 45-ல 1.41, 30-ல முழுசா 2 டன். 30-க்கு அருகால எங்க ஆளுங்களை நான் விடறதில்லை.

சேலம்: ஆபரேட்டர் தினமும் மேல் லிமிட் சுவிட்ச்சைத் தட்டித்தான் கொக்கியை நிறுத்தறாரு.

அவரை முதல்ல நிறுத்துங்க. அந்த சுவிட்ச், கை தவறி கொக்கி உச்சிக்குப் போனா நிறுத்திக் காப்பாத்தறதுக்கு, தினசரி பிரேக் இல்லை. கேக்காம ஒண்ணு சொல்றேன்: 2025 நவம்பர் வரைக்கும் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 29-படி 12 மாசத்துக்கு ஒருக்காவது தகுதியுள்ளவர் கிரேனை முழுசா சோதிக்கணும்னு இருந்துச்சு. தண்டவாளத்துப் பக்கம் ஆள் வேலை பார்த்தா கிரேன் 6 மீட்டருக்குள்ள வரக்கூடாதுன்னும் அதுலயே இருந்துச்சு. பெயின்ட் அடிக்க மேல ஏறின பையனுக்கும் இது சேர்த்திதானுங்க.