பழைய மரக்கப்பலைத் திருத்திப் பயிற்சிக்கும் சுற்றுலாவுக்கும் ஓட்டலாமா?

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் கரையேறிக் கிடக்கும் பழைய பாய்க்கப்பலைத் திருத்தி, பிள்ளைகளுக்குக் கடலோட்டம் பழக்கவும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றவும் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் பாயையும் பெயின்ற்றையும் பிறகு பார்க்கலாம். முதலில் ஏராவையும் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) வங்குகளையும் (பலகைகளைத் தாங்கும் விலா மரங்கள்) கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. நம் வெதுவெதுப்பான கடலில் கப்பல் புழு வருடம் முழுக்கத் தின்னும்; வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடு மாதிரி இருக்கும். பலகையையும் வங்கையும் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஏரா முழுக்கப் போயிருந்தால் புதிதாகக் கட்டுவதே நல்லது என்பேன்.

நெடுநாள் காய்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். அதில் பருத்தித் திரியை உளியால் அடித்து இறுக்குவதுதான் கலப்பத்து. அளவுக்கு மீறி இறுக்கினால், மரம் ஊறிப் பருக்கும்போது ஆணிகள் தளர்ந்துவிடும். கடலில் இறக்கிய முதல் சில நாள் கசியும். பயப்பட வேண்டாம், பம்பு மட்டும் தயாராக இருக்கட்டும்.

இந்தத் திருத்த வேலையையே முதல் வகுப்பாக்குங்கள். மரக்கலம் கட்டும் வயதான ஓடாவிமாரின் கைப்பக்குவம் பிள்ளைகளுக்கு வர வேறு வழியில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனதே, அந்தத் திறமை நம் கரையில் அறுந்துபோகக் கூடாது.

சுற்றுலா ஓட்டத்துக்குப் பயணிகள் அனுமதியும் உயிர்காப்பு அங்கிகளும் கட்டாயம். தீவுகளுக்கிடையே கடல் ஆழம் குறைவு. கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று அளந்த பிறகே பாதையை முடிவு செய்யுங்கள்.