மார்கழியில் மீனுக்குக் குளிருமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்தில் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறோம். கோய் கார்ப், கோல்டு ஃபிஷ், நிறைய கப்பி, ஒரு ஜோடி ஏஞ்சல். மூடாக்கும் மழையுமாக இருந்த இந்த ஒரு வாரத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கோல்டு ஃபிஷ் மூன்று செத்துவிட்டன. கப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் குளிர் என்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் மகன், குளத்தில் மிதக்கவிடும் 1,500 வாட் ஹீட்டரை வாங்கச் சொல்கிறான். கடைக்காரர் 300 வாட் போதும் என்கிறார். என் வீட்டுக்காரரோ குளிக்க வெந்நீர் போடும் ராடையே கட்டித் தொங்கவிடலாம் என்கிறார். எதைக் கேட்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி

டீச்சர், முதல் காரியமாக அந்த ராடை எடுத்துப் பரணில் போடச் சொல்லுங்கள். அது வாளிக்குச் செய்தது. இத்தனை டிகிரி வந்ததும் நின்றுகொள் என்று அதற்குச் சொல்ல ஆள் கிடையாது. பக்கத்தில் வருகிற மீனைச் சுட்டுவிடும். மழையில் நனைகிற தொட்டியில் மின்சாரம் கசிந்தால், கையை விடுகிற மனுஷருக்கும் ஆபத்து. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே இருக்கிற துப்பைப் பார்ப்போம். கோல்டு ஃபிஷ் செத்தது, கப்பி பிழைத்தது என்கிறீர்கள். கோல்டு ஃபிஷ் சீனத்திலிருந்து வந்த கெண்டைச் சாதி, ஐஸ் தண்ணீருக்கும் ஈடு கொடுக்கும். கப்பி தென் அமெரிக்காவின் வெதுவெதுப்பான ஓடைகளில் வளர்ந்தது. குளிர்தான் காரணம் என்றால் கப்பியல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? கப்பிக்கு வாய் மேல்நோக்கி இருக்கிறது. தண்ணீரின் மேல்மட்டத்தில், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தை உறிஞ்சியே அது சமாளித்துவிடும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த வசதி போதாது. ஆக, உங்கள் தொட்டியில் பஞ்சம் சூட்டுக்கு இல்லை, பிராணவாயுவுக்கு.

பாசியும் நீர்ச்செடியும் பகலில் வெயில் இருந்தால் பிராணவாயு தரும். ராத்திரி அவையும் மீனைப் போலவே அதை எடுத்துக்கொள்ளும். மூடாக்கு நாளில் வரவு குறைவு, செலவு அதே செலவு. இருப்பு அடிமட்டத்துக்குப் போவது விடியலுக்குச் சற்று முன்னால். நீங்கள் கோலம் போட வருகிற நேரம்தான் அது. காற்றுக்கு உதிர்ந்த முருங்கை இலையும் மீந்துபோன தீனியும் அடியில் அழுகினால் அதுவும் பங்கு கேட்கும். இதில் ஹீட்டரைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும்.

மகன் சொல்வதும் தப்பில்லை, அவன் ஊருக்கு. அங்கே ஜனவரியில் குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிடும். அடியில் சேரும் கெட்ட வாயு வெளியேற ஒரு துவாரம் திறந்திருக்க வேண்டும். அந்த மிதக்கும் ஹீட்டரின் வேலை அவ்வளவுதான். குளத்தைச் சூடாக்க அது செய்யப்படவில்லை. தண்ணீர் உறைகிற நிலையை நெருங்கினால்தான் பெரும்பாலும் அது வேலையே தொடங்கும். கல்லிடைக்குறிச்சியில் அதை வாங்கிப் போட்டால் ஆயுசுக்கும் சும்மா மிதக்கும்.

300 வாட்டுக்கு ஒரு கணக்குப் போடலாம். உங்கள் தொட்டி கிட்டத்தட்ட 1,350 லிட்டர். அதை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஐந்து டிகிரிக்கு எட்டு யூனிட். 300 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினாலும் ஏழே கால் யூனிட்தான் தரும். அதிலும் வாடைக்காற்று மேலே வீசி ஆவியாக்கிக் கொண்டுபோவது போக என்ன மிஞ்சும்? மின்கட்டண அட்டையில்தான் சூடு தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுகிற ஐந்து வாட் ஏர் மோட்டார் ஒன்று வாங்கி, மழை படாத இடத்தில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி மோட்டாருக்குள் போய்விடக் கூடாது. ராத்திரி பூரா ஓடட்டும். அடியில் கிடக்கும் இலையை அரித்து எடுங்கள். காலைத் தீனியை நிறுத்தி, வெயில் ஏறிய பிறகு கொஞ்சமாகப் போடுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் தொட்டிக்குள் விழுகிறதென்றால் குழாயைத் திருப்பிவிடுங்கள். ராத்திரி பாதித் தொட்டிக்கு மட்டும் கிடுகு போட்டால் வாடைக்கும் மறைப்பு, காற்றுக்கும் வழி. ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். பாளையங்கோட்டையில் என் தொட்டியில் மார்கழி விடியலிலும் 23-க்குக் கீழே அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கோய் கார்ப்புக்கு அது சொகுசு.

ஏஞ்சல் ஜோடி விஷயம் வேறு. அவற்றுக்கு 25 முதல் 28 வரை இருந்தால் நல்லது. தை முடியும்வரை அவற்றை வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஹீட்டர் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. நம் ஊருக்கு அதில் பாதி போதும். டிகிரி திருகி வைக்கிற வசதி உள்ளதாகப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் வெடித்துவிடும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டு எடுங்கள். மெயினில் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டை நிறுத்திவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் ஹீட்டர் வாங்குகிற காசில் முதலில் அதைப் போடுங்கள்.

மீன் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அதைத் தனி டப்பில் விட்டு, லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு. அயோடின் சேர்க்காத தூத்துக்குடி உப்பே போதும். பெரிய தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், செடியெல்லாம் கருகிவிடும்.

அண்ணாச்சி, ஃபைட்டர் மீனை ஒரு லிட்டர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறேன். மழை நாளில் அசையாமல் கிடக்கிறது. பாட்டிலுக்கு ஏற்ற ஹீட்டர் உண்டா?
– கல்லூரி மாணவர், பேட்டை

ஹீட்டர் இருக்கட்டும் தம்பி, முதலில் பாட்டிலை மாற்று. ஒரு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றோடு சேர்ந்து சட்டென்று குளிரும், சட்டென்று சூடாகும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை முடக்குகிறது. பத்து லிட்டராவது பிடிக்கிற தொட்டிக்கு மாற்றி, மேலே மூடி போட்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி வை. பெரும்பாலும் அதிலேயே எழுந்து நீந்தும். அப்புறமும் 24-க்குக் கீழே போனால் 25 வாட் ஹீட்டர் வாங்கு.