ரோபோவின் காணொளியும் திரை உருவமும்: வேறுபாடு கிடைக்காததன் காரணம்

வணக்கம். ரோபோவின் காணொளியை ஒரு குழுவுக்கும், கணினியில் வரைந்த உருவத்தை மற்றொரு குழுவுக்கும் காட்டியபோது இருவரின் எதிர்வினையிலும் வேறுபாடு தெரியவில்லை என்றும், உங்கள் சோதனை தோற்றுவிட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். தோற்கவில்லை. நீங்கள் ஒப்பிட்டவை இரண்டுமே திரையில் இருந்தவை.

முந்தைய 33 சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: மனிதரின் எதிர்வினையை மாற்றுவது ரோபோவுக்கு ஓர் உடல் உண்டு என்பதைவிட, அந்த உடல் நம்மோடு ஒரே அறையில் இருக்கிறது என்பதுதான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனையில், புத்தகங்களை இடம் மாற்றி வைக்கும்படி கேட்ட எளிய வேண்டுகோளுக்கு, ரோபோ நேரில் இருந்தாலும் காணொளியில் இருந்தாலும் மக்கள் இணங்கினார்கள்; ஆனால் அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்ன விசித்திரமான வேண்டுகோளுக்கு, நேரில் இருந்த ரோபோவிடமே கூடுதலாக இணங்கினார்கள். அதனிடமிருந்து சற்று விலகி நடக்கவும் செய்தார்கள், எதிரில் நிற்கும் மனிதருக்கு இடம் விடுவதைப் போல. இந்தச் செய்தி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆகவே, இரவலாகவேனும் ஓர் உண்மையான ரோபோவைப் பெற்று மூன்றாவது குழு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி-பதில் போன்ற எளிய பணியோடு நிறுத்தாமல், பங்கேற்பவர் சற்றுத் தயங்கக்கூடிய ஒரு வேண்டுகோளையும் வையுங்கள். மூன்று குழுவுக்கும் குரலும் சொற்களும் உருவத்தின் அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லையெனில் எது வேறுபாட்டை உண்டாக்கியது என்று பிரித்தறிய இயலாது.