நிழல் பாதைக்கு வெளியே இருந்தாலும் பதிவு செய்யலாமா?

வாசகர் கேள்வி: நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு பொருள் அடுத்த மாதம் ஒளிப்பொலிவு எண் 13 உள்ள (வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான) விண்மீன் ஒன்றை மறைக்கப்போகிறது. அப்போது பூமியில் அதன் நிழல் ஓடும் என்று கணித்திருக்கும் பாதையின் விளிம்பிலிருந்து நான் 60 கி.மீ. தள்ளி இருக்கிறேன். 8 அங்குலத் தொலைநோக்கியும் கோள்களைப் படமெடுக்கும் கேமராவும் இருக்கின்றன. முயல்வதில் பயன் உண்டா?

கட்டாயம் முயலுங்கள். இந்த வேலையில் 60 கி.மீ. ஒரு தூரமே இல்லை. 40 வானியல் அலகுத் தொலைவிலிருக்கும் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைப் போல் 40 மடங்கு) பொருளின் இடத்தைக் கணிப்பதில் ஓர் ஆர்க்செகண்டில் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே, நிழல் பூமியில் சுமார் 30 கி.மீ. விலகிவிடும். விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்த கையா விண்கலத்தின் புண்ணியத்தில் விண்மீன்களின் இடம் இப்போது நன்றாகத் தெரியும். சந்தேகமெல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு பொருளின் பாதையில்தான். கணிப்போடு தந்திருக்கும் பிழை வரம்பைப் பாருங்கள். அதற்குள் உங்கள் இடம் வருகிறது என்றால், நிழல் உங்கள் மேலேயே விழக்கூடும்.

விழாவிட்டாலும் நட்டமில்லை. மறைப்பைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்தப் பொருளின் குறுக்கே ஒரு நாண், அதாவது விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு, வரைகிறார்கள். பார்க்காதவர்தான் அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்கிறார். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சிறு பொருளான ஆரோகோத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 3 அன்று அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் காத்திருந்த யாருக்கும் அது சிக்கவில்லை. ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் வைத்திருந்த 24 தொலைநோக்கிகளில் ஐந்தில் விண்மீன் மறைந்தது. அந்த ஐந்து நாண்களே அது இரட்டை உருண்டையாக இருக்கலாம் என்று காட்டின. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். எல்லாவற்றிலும் முக்கியம் நேரம். நிழல் பெரும்பாலும் நொடிக்கு 20 முதல் 25 கி.மீ. வேகத்தில் ஓடும், 250 கி.மீ. அகலப் பொருள் விண்மீனைப் பத்துப் பன்னிரண்டு நொடி மறைக்கும், அவ்வளவுதான். உங்கள் கடிகாரம் ஒரு நொடி பிசகினால் உங்கள் நாண் 20 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஒருமுறை என் லேப்டாப் கடிகாரம் இரண்டு நொடி பின்தங்கியிருந்தது. அருமையான பதிவு, மற்றவர்களுடைய நாண்களோடு சேரவே இல்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

லேப்டாப்பை இணைய நேரத்தோடு சரிசெய்தால் மட்டும் போதாது. பல கேமராக்களில் ஃப்ரேம் கணினிக்கு வந்து சேரும் நேரம்தான் பதிவாகும், ஒளி விழுந்த நேரம் அல்ல. ஜிபிஎஸ் கருவியின் நொடித் துடிப்பில் மின்னும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றைத் தொலைநோக்கி வாயருகே பிடித்து, அதே அமைப்பில், பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் சில மின்னல்களைப் பதிந்துவிடுங்கள். அந்த ஃப்ரேம்களைப் பார்த்தாலே தாமதம் எவ்வளவு என்று பிடிபடும். வசதி இருந்தால் ஜிபிஎஸ் உள்ளேயே பொருத்திய கேமரா இன்னும் நல்லது.

உங்கள் தொலைநோக்கியில், ஃப்ரேம் ஒன்றுக்கு 0.3 நொடி எக்ஸ்போஷரிலிருந்து (கேமரா ஒளி வாங்கும் நேரம்) முயன்று பாருங்கள். விண்மீன் பின்புல இரைச்சலிலிருந்து தெளிவாகத் தனித்துத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் நீட்டினால் மறைந்த கணமும் மீண்ட கணமும் மங்கிப்போகும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் (சிக்னலைத் தானாகப் பெருக்குவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். அழுத்தப்பட்ட வீடியோ வேண்டாம். படத்தை அழுத்தாமல் வைக்கும் ஃபிட்ஸ் (FITS) அல்லது எஸ்இஆர் (SER) கோப்பாகச் சேமியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அருகிலுள்ள இன்னொரு விண்மீனும் காட்சிக்குள் இருக்கட்டும். அது கூடவே மங்கினால் வந்தது மேகம்.

ஒரு வாரம் முன்பே, அதே மணிக்கு, அந்த விண்மீனைத் தேடிப் பிடித்துப் பழகுங்கள். அன்றைக்குத் தேட ஆரம்பித்தால் பதற்றத்தில் தவறான விண்மீனைப் பதிவோம்.

அப்புறம், கணித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, பத்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். 2013 ஜூன் 3 அன்று சாரிக்லோ என்ற சிறு பொருளின் இரு வளையங்களும் மறைப்புக்கு முன்னும் பின்னும் வந்த சிறு மங்கல்களாகத்தான் அகப்பட்டன. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவாரின் வளையங்களில் ஒன்றோ அதன் மையத்திலிருந்து 4,000 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அந்த மங்கல் வர மூன்று நிமிடம்கூட ஆகலாம்.

விண்மீன் இமைக்கவே இல்லை என்றாலும் கோப்பை அழித்துவிடாதீர்கள். உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தொடங்கிய, முடித்த நேரங்கள் ஆகியவற்றோடு, ‘மறைப்பு இல்லை’ என்று எழுதி, கணிப்பை வெளியிட்ட குழுவுக்கே அனுப்புங்கள்.