எடுத்ததும் 'எவ்ளோங்க ஆகும்?'

கேள்வி: கூட இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு வீடு சுத்தம் செய்து தரும் தொழில் செய்கிறேன். போனை எடுத்ததும் "எவ்ளோங்க ஆகும்?" என்பதுதான் முதல் பேச்சு. தொகையைச் சொன்னால் "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார்கள். போன மாதம் பாலக்கோட்டிலிருந்து மூன்று பெட்ரூம் வீடு என்றார்கள், 2,000 சொன்னேன். போய்ப் பார்த்தால் கிரகப்பிரவேசம் நடக்கப்போகிற புது வீடு, தரை முழுக்க பெயின்ட் சொட்டு. முடிக்க இரவு எட்டு மணி ஆனது. ஆளுக்கு 600 கூலி, வண்டிக்கு 400, சாமானுக்கு 250. எங்கே தப்பு?
- வாசகி, தருமபுரி

பதில்: கூட்டிப் பார்த்தேன், செலவே 1,850 வருகிறது. காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த உங்களுக்கு மிஞ்சியது 150 ரூபாய், அதாவது உங்களிடம் வேலை செய்பவரின் கூலியில் கால் பங்கு. முதலில் உங்கள் கூலி 600-ஐயும் செலவில் எழுதுங்கள். 2,450 ஆகிறதா? அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

2,000 குறைவுதான், ஆனால் நிஜமான தப்பு எதையும் விசாரிக்காமல் சொன்னது. 'எவ்வளவு' என்று ஆரம்பிப்பவர் எல்லாம் கஞ்சர் இல்லை, வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாது, அவ்வளவுதான். "சொல்றேங்க, அதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுக்கறேன்" என்று ஆரம்பியுங்கள். குடியிருக்கும் வீடா, காலி செய்த வீடா, புது வீடா? கடைசியாக எப்போது ஒட்டடை அடித்தது? பாத்ரூம் எத்தனை? அதற்கு வருவது போர் தண்ணியா?

இந்தக் கடைசிக் கேள்வியை நம் பக்கத்தில் விடவே கூடாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணி வந்தாலும் குளிக்க போர் தண்ணிதான் என்கிற வீடுகளில், குழாயடியிலும் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு ஏறிக் கிடக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று ஆசிட்டை ஊற்றினால் டைல்ஸ் இடுக்கு சிமென்ட்டும் சேர்ந்து அரிக்கும், மார்பிள் என்றால் பாழ்தான். அதோடு பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சே முட்டும். பொறுமையாகத் தேய்க்க வேண்டிய வேலை, அதற்குத் தனிக் காசு. பெட்ரூமை எண்ணி விலை சொல்வது எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். பெட்ரூமைப் பெருக்கித் துடைத்தால் முடிந்தது, நேரத்தைத் தின்பது பாத்ரூமும் அடுப்படியும்.

கேட்டு முடித்ததும் ஒரே தொகையாகச் சொல்லாமல், "3,000-லேர்ந்து 3,800 வரைக்கும் ஆகும், வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்புங்க, சரியாச் சொல்லிடறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு சும்மா இருக்காதீர்கள், அதே மூச்சில் "சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வரட்டுங்களா?" என்று நாளையும் கேட்டுவிடுங்கள். அப்புறமும் வீட்டுக்காரரைக் கேட்கிறேன் என்றால் கேட்கட்டுமே, நம்பரை நோட்டில் எழுதி இரண்டு நாள் கழித்து நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள். "எங்க வேலைக்காரம்மா 500-க்கே செய்வாங்க" என்கிறவரிடம் மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். சரிங்க என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: வேலை பாதியில் இருக்கும்போது "அப்படியே அந்தப் பரணையும் பார்த்துடு கண்ணு" என்கிறார்கள். வயதானவர்கள், மறுக்க முடியவில்லை.
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: மறுக்க வேண்டாம். "செய்யறேன் பாட்டி, அதுக்கு 300 ஆகும்" என்று பரணில் ஏணி சாத்துவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஏறி இறங்கிய பிறகு சொன்னால் அது சண்டை. எதெல்லாம் செய்வோம், எது தனி என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள், முக்கியமாக வெளியூரில் இருந்துகொண்டு காசு அனுப்பும் மகனுக்கும். பொங்கல், ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மட்டும் அட்வான்ஸ் வராமல் நாளை ஒதுக்காதீர்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள். நான் பதிவு செய்யவில்லை.
- வாசகர், ஓசூர்

பதில்: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பெயர், தேதி, செய்த வேலை, தொகை போட்டுச் சாதாரண பில்லாகவே கொடுங்கள்.